பயன்படுத்தியவர் தவறு

கடைக்குள் நுழைந்து, விளக்கு எரியும் ஷோகேஸ்களைத் தாண்டிப் பின்பக்கம் போனால் இடுப்பளவு உயரத்தில் ஒரு மேசை இருக்கும். அதன் மேல் கழுத்தை வளைத்துக்கொள்ளும் விளக்கு, விரல்நீளத் திருப்புளிகள் அடுக்கிய தட்டு, மூக்குப் பட்டைகள் நிறைந்த குட்டி டப்பாக்கள், ஒரு வெள்ளை ஸ்ப்ரே பாட்டில். மேசைக்குப் பின்னால் பதினோரு வருஷமாக அவள் உட்கார்ந்திருந்தாள்.

கடை விற்றது கூலிங் கிளாஸ். சாலையோரம் கம்பியில் தொங்கும் ரகமல்ல. இனி நாலைந்து வருஷத்துக்கு இதுதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டு வாங்கும் ரகம். இரண்டு வருஷம் வாரண்டி. அதற்குள் உடைந்தோ உரிந்தோ வருகிற எந்தக் கண்ணாடியும் அவள் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். அவளிடம் ஒரு படிவக்கட்டு இருந்தது. ஒவ்வொரு படிவத்தின் அடியிலும் இரண்டு கட்டங்கள்: ‘தயாரிப்புக் குறை’, ‘பயன்படுத்தியவர் தவறு’. பத்துக்கு எட்டு முறை அவள் பேனா இரண்டாவது கட்டத்தில்தான் இறங்கும்.

கடையில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனால் அவள் காலையில் உள்ளே வரும்போது பேச்சு சட்டென்று நின்றுபோவதை வைத்தே அவளுக்குத் தெரியும்.

ஒருநாள் ஒருவர் காது வளைவு நசுங்கிய கண்ணாடியோடு வந்தார்.

“மேஜை மேல வெச்சேங்க. காலைல பாத்தா தானா இப்படி ஆயிருக்கு.”

அவள் விளக்கை இழுத்து, கண்ணில் உருப்பெருக்கி லென்ஸைப் பொருத்திக்கொண்டு பார்த்தாள்.

“வீட்ல நாய் இருக்கா?”

“இருக்கு. அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?”

“சின்ன நாய்தான். வலது பக்கம் ஒரு பல் இல்ல.”

அவர் கண்ணாடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஒரு பக்கக் கீல் மட்டும் தளர்ந்திருந்தால், இந்த ஆள் ஒற்றைக் கையால் கழற்றுகிறவர். வட்டவட்டமாக மெல்லிய கீறல் என்றால் சட்டை நுனியால் துடைக்கிறவர். நீளமான ஒரே கீறல் என்றால் சாவிக்கொத்தோடு பைக்குள் கிடந்தது. மூக்குப் பட்டை பச்சை பூத்திருந்தால் வாங்கின நாளிலிருந்து தண்ணீர் காட்டவே இல்லை. கண்ணாடி எல்லாவற்றையும் சொல்லிவிடும், மனிதர்கள்தான் சொல்ல மாட்டார்கள் என்பது அவள் எண்ணம்.

அவள் பிறக்கும்போதே அப்படிப் பிறந்துவிடவில்லை. சேர்ந்த முதல் வருஷம் நகையும் சிரிப்புமாக ஒரு அம்மா வந்து, நல்ல லென்ஸைக் கழற்றி வைத்துக்கொண்டு மட்டமான லென்ஸைப் பொருத்திய கண்ணாடியை நீட்டினாள். இவள் அந்தச் சிரிப்பைப் பார்த்தாளே தவிரக் கண்ணாடியைப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டுப் புதியது கொடுத்துவிட்டாள். அப்போதிருந்த மேனேஜர் அந்த லென்ஸைக் கடை நடுவில் தூக்கிப் பிடித்து, வாடிக்கையாளர்கள் முன்னால் கேட்டார்: “உனக்குக் கண்ணு இருக்கா?” கழிவறையில் போய் அழுதுவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு யாருடைய சிரிப்பையும் அவள் பார்க்கவில்லை.

இந்தக் குணம் மாலையில் அவளோடு பஸ் ஏறி வீட்டுக்கும் வந்தது. கணவர் மரச்சாமான் கடையின் லாரி ஓட்டுகிறவர். மதியத்துக்கு மேல் மேற்கே பார்த்து ஓட்டினால் கண் கூசுகிறது என்று அவர் சொன்னதும், அவளே பார்த்துப் பார்த்து ஒரு நல்ல கண்ணாடி எடுத்துக் கொடுத்திருந்தாள். அதோடு கூடவே சட்டதிட்டங்களும் கொடுத்தாள். ரெண்டு கையாலதான் கழட்டணும். தலை மேல ஏத்தி வைக்கக்கூடாது. லென்ஸ் கீழே படுற மாதிரி வைக்கக்கூடாது. வண்டியோட முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கிற அந்தத் தட்டுல, வெயில்ல, செத்தாலும் வைக்கக்கூடாது.

“செத்தா நான் எப்படிம்மா வைப்பேன்?” என்பார் அவர்.

அவர் குளிக்கப் போனதும் அவள் டப்பாவைத் திறந்து பார்ப்பாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் அதைக் கடைக்கு எடுத்துப் போய்த் துடைத்து, திருகை இறுக்கி, கொண்டுவந்து வைப்பாள். அன்பு என்று அவள் நினைத்தாள். சோதனை என்று அவர் நினைத்தார். ரெண்டும்தான்.

வெயில் ஏறத் தொடங்கிய மாதத்தில் நீச்சல் டீச்சர் வந்தாள். நீச்சல்குளத்தின் கரையில் நாள் முழுக்க நின்று பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறவள். பேச்சு எப்போதும் தண்ணீருக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குக் கேட்கிற மாதிரிதான் இருக்கும். அவளுடைய நீலக் கண்ணாடியில் கீழ்விளிம்பிலிருந்து வலைபின்னிய மாதிரி நுண்ணிய வெடிப்புகள். மேல்பூச்சு வெடித்திருந்தது.

“கார்ல வெச்சிருக்கீங்க,” என்றாள் இவள். “வெயில்ல மூடின கார்ல வெச்சா பூச்சு இப்படித்தான் வெடிக்கும்.”

“எனக்குக் காரே கிடையாது. சைக்கிள்ல போறேன்.”

“அப்ப வேற யாரோட கார்லயாவது.”

“ஏங்க, நான் வாராவாரம் உங்ககிட்டதானே கொண்டுவந்து துடைக்கிறேன்? நீங்க சொன்னீங்கன்னு துணியைக்கூடத் தனியா துவைக்கிறேன். நான் போய் கார்ல போடுவேனா?”

“குளத்துத் தண்ணில மருந்து போடுவாங்க இல்ல?”

“போன வருஷமும்தான் போட்டாங்க. அப்ப வெடிக்கலியே!”

இவள் இரண்டாவது கட்டத்தில் குறி போட்டாள். டீச்சர் படிவத்தை வாங்கி நாலாக மடித்தாள். “நீங்க மனுஷங்களையே நம்ப மாட்டீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனாள். கடை முழுக்கக் கேட்டது.

அடுத்த வாரம் சுற்றுலா பஸ் ஓட்டும் டிரைவர் அதே வெடிப்போடு வந்தார். அவருக்குக் கண்டிப்பாக வண்டிச் சூடுதான், குறி போட்டாள். அதற்கடுத்து ஒரு வயதானவர். கண் ஆபரேஷன் முடிந்து, டாக்டர் எழுதிக் கொடுத்து வாங்கியவர். வெள்ளிக்கிழமைதோறும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது இங்கே வந்து, துடைத்துத் தரச் சொல்லி, கண்ணாடியைக் குழந்தையைக் கொடுக்கிற மாதிரி இரண்டு கையாலும் நீட்டுவார். அவரிடமும் அதே வெடிப்பு. அவள் சொன்னதை அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

“சரிம்மா. நாங்கதான் ஏதோ பண்ணியிருப்போம். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

சண்டை போடாத ஆளைக் கண்டால் அவளுக்குச் சந்தேகம் இன்னும் கூடும். ஏன் ஒத்துக்கொள்கிறார்? எதை மறைக்கிறார்?

ஐந்து வாரத்தில் பத்துப் படிவம் ஆயிற்று. எல்லாம் ஒரே மாதிரி வெடிப்பு, எல்லாம் அவளுக்கு முகம் தெரிந்தவர்கள். பத்துப் பேரும் சேர்ந்து பேசி வைத்துக்கொண்டு வருகிறார்களோ என்றுகூட ஒருநாள் பஸ்ஸில் நின்றபடி யோசித்தாள். நீச்சல் டீச்சருக்கும் பஸ் டிரைவருக்கும் என்ன பழக்கம் இருக்க முடியும்? இருக்கலாம். யார் கண்டது? பிறகு இன்னொன்று தோன்றியது. தப்பு வெளியில் இல்லாமல் உள்ளே இருந்தால்? யாரோ கடைக்குள் நல்ல சரக்கை எடுத்துவிட்டுப் போலியை வைத்தால்?

உள்ளே என்றால் டை சார்தான். விற்பனைப் பகுதியைப் பார்க்கிறவர். ஐம்பது வயது; எந்த வெயிலிலும் டையைத் தளர்த்தாதவர். கவனித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. தினமும் சாப்பாட்டு நேரத்தில் அவர் ஒரு கண்ணாடி டப்பாவைக் கையில் மறைத்தபடி பின்னறைக்குள் போவார். அரைமணி கழித்து அதே டப்பாவோடு வருவார். கதவைச் சாத்திக்கொள்வார். சாப்பிட எதற்குக் கதவைச் சாத்த வேண்டும்? சாப்பிடக் கண்ணாடி டப்பா எதற்கு?

நாலு நாள் பொறுத்தாள். ஐந்தாம் நாள் அவர் உள்ளே போன இரண்டாவது நிமிஷம் கதவைத் தள்ளினாள். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டப்பா பக்கத்தில் மூடியிருந்தது.

“அதைத் திறங்க சார்.”

அவர் வாயை மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார், வேண்டாம் என்று.

“நீங்க திறக்கறீங்களா, நான் மேனேஜரைக் கூப்பிடட்டா?”

அவரே திறந்தார். உள்ளே, மெத்தென்ற துணியின் மேல், நாலு பல்லோடு ஒரு பல் செட்.

“மெல்லும்போது ஆடுது,” என்றார் அவர். பல் இல்லாத பேச்சு குழறியது. “அதான் கழட்டி வெச்சுட்டுச் சாப்பிடறேன். போதுமாம்மா?”

அவள் மன்னிப்புக் கேட்டாளா, கேட்க வாய் வந்ததா என்பது அவளுக்கே பிறகு நினைவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்தாள் என்பது மட்டும் தெரியும். அன்றிலிருந்து டை சார் அவளிடம் பேசவில்லை. தர வேண்டிய சீட்டை மேசை ஓரத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

அந்தச் சனிக்கிழமைதான் கணவரின் கண்ணாடியை விளக்கடியில் பிடித்தாள். வலது லென்ஸின் கீழ்விளிம்பில், விளிம்போடு ஒட்டி, முடியை விட மெலிதாக ஐந்தாறு கோடுகள்.  ஊரார் பொய் சொல்வது ஒன்று, வீட்டுக்குள்ளேயா? வழக்கம்போல இரண்டு பக்கமும் ஸ்ப்ரே அடித்துத் துடைத்தாள். பிறகு, பழக்க தோஷம், ஒரு படிவத்தை எடுத்துக் கண்ணாடியின் படத்தில் வெடிப்பு இருக்கும் இடங்களை அப்படியே வரைந்தாள். வலது: கீழ்விளிம்பில் வெடிப்பு. இடது: சுத்தம். கீழே இரண்டாவது கட்டத்தில் குறி.

அன்று சாயங்காலம் அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். கணவர் எடுத்துப் படித்தார்.

“வாடிக்கையாளர் பெயர்னு போட்டு என் பேரை எழுதியிருக்கே.”

“வண்டில முன்னாடி தட்டுல வெச்சீங்களா இல்லையா?”

“இல்ல.”

“இல்லாம எப்படி வெடிக்கும்?”

“எனக்கு எப்படித் தெரியும்? நான் டப்பால போட்டு, டப்பாவைப் பைல போட்டு, பையை சீட்டுக்கு அடில வைக்கிறேன். லோடு ஏத்தற பசங்க எல்லாம் சிரிக்கிறாங்க. கண்ணாடிக்கு இவ்வளவு உபசாரமான்னு.”

“பொய் சொல்லாதீங்க. கண்ணாடி சொல்லுது.”

எட்டாவது படிக்கும் மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, “அம்மா, எனக்கும் ஒரு ஃபாரம் போட்டுடு. தண்ணி பாட்டிலைத் தொலைச்சுட்டேன்,” என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

கணவர் எழுந்து போய்க் கண்ணாடி டப்பாவைக் கொண்டுவந்து அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். குரலை உயர்த்தவில்லை. “நீயே பூட்டி வை. சாவியும் உன்கிட்டயே இருக்கட்டும். இனிமே எனக்கு வேணாம்.”

அவளும் வீம்புக்கு அதை அப்படியே பீரோவில் வைத்துப் பூட்டினாள். மூன்று வாரம் அவர் கண்ணாடி இல்லாமல் ஓட்டினார். மாலையில் கண் சிவந்து வருவார். குளிர்ந்த தண்ணீரில் முகத்தை அலம்பிவிட்டு, துண்டைக் கண் மேல் போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருப்பார். வலிக்கிறதா என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. ஒத்துக்கொள்ளட்டும், பிறகு கேட்கலாம் என்றிருந்தாள்.

மூன்றாவது வாரக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவர் வாசல் வெளிச்சத்தில் செய்தித்தாளைப் படிக்க முடியாமல் மடித்து வைத்ததை அவள் சமையலறையிலிருந்து பார்த்தாள். போதும் என்று தோன்றியது. வலது லென்ஸை மட்டும் மாற்றி, பேசாமல் அவர் பையில் போட்டுவிடலாம் என்று பீரோவைத் திறந்து, டப்பாவிலிருந்து கண்ணாடியை எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்தாள்.

இடது லென்ஸும் வெடித்திருந்தது.

படிவத்தைத் தேடி எடுத்து ஒப்பிட்டாள். இடது: சுத்தம் என்று அவள் கையெழுத்தே சொன்னது. சாவி அவள் கைப்பையை விட்டு நகரவில்லை. பீரோவில் வெயில் இல்லை, சூடு இல்லை, நாய் இல்லை, கணவர் இல்லை. பூட்டிய இருட்டில் ஒரு கண்ணாடி தானாக வெடித்திருக்கிறது. பதினோரு வருஷமாக அவள் யார் சொல்லியும் நம்பாத வாக்கியம் அது: தானா ஆயிடுச்சுங்க.

அவள் கட்டிலில் உட்கார்ந்து, பார்க்கத் தவறியதைப் பார்த்தாள். சூட்டில் வெடித்தால் லென்ஸ் முழுக்க வெடிக்கும்; சட்டமும் கொஞ்சம் கோணும். இதில் எல்லாம் கீழ்விளிம்பில்தான் தொடங்கியிருந்தது, சட்டத்தின் பள்ளத்தில், ஈரம் வடிந்து தேங்குகிற இடத்தில். அப்படியென்றால் ஏதோ ஈரம் பட்டிருக்கிறது. பூட்டுவதற்கு முன்னால் கடைசியாக இதில் ஈரம் படுத்திய கை யாருடையது?

மறுநாள் முதல் ஆளாகக் கடைக்குப் போனாள். கழித்துப்போட்ட லென்ஸ்கள் கிடக்கும் இழுப்பறையிலிருந்து பூச்சு கெடாத இரண்டை எடுத்தாள். ஒன்றை வெறும் தண்ணீரும் பாத்திரம் துலக்கும் சோப்பு ஒரு சொட்டும் விட்டுக் கழுவித் துடைத்து ஒரு டப்பாவில் வைத்தாள். இன்னொன்றில் தன் வெள்ளை பாட்டிலிலிருந்து அடித்து, விளிம்பில் ஈரம் நிற்கவிட்டு, வேறொரு டப்பாவில் மூடினாள். அன்று முழுக்கவும் மறுநாளும் பலதடவை அதே ஈரத்தைப் போட்டாள். துடைத்துத் தரச்சொல்லி வந்தவர்களிடம், “இன்னிக்கு மெஷின் ரிப்பேர்,” என்று பொய் சொன்னாள். அவளிடம் மெஷினே கிடையாது.

புதன்கிழமை காலை இரண்டாவது டப்பாவைத் திறந்தாள். கீழ்விளிம்பில் முடியை விட மெலிதாகக் கோடுகள்.

பாட்டிலை மூக்கருகே கொண்டுபோனாள். கடையின் வாசம்தான் அடித்தது. ஷோகேஸ் கதவுகளைத் துடைத்த பிறகு தினமும் காலையில் கடை முழுக்க இருக்குமே, அந்த வாசம். அதுவே பழகிப்போய், அவள் மூக்கு அதைப் பொருட்படுத்துவதை எப்போதோ விட்டிருந்தது.

சரக்குப் பெட்டியோடு வரும் திரவத்தை அவள்தான் அந்த பாட்டிலில் ஊற்றுவாள். மூன்று மாதம் முன்பு சரக்கு வரத் தாமதமானது. ஆனாலும் பாட்டில் காலியாகவே இல்லை. டை சார் எங்கிருந்தோ வாங்கி ஊற்றுகிறார், அவரிடம் இருக்கும் ஒரே நல்ல குணம் இதுதான் என்று நினைத்திருந்தாள். நேராக அவரிடம் போய் நின்றாள்.

“சார், இந்த பாட்டிலை ரொப்பறது நீங்கதானே?”

ஒரு மாதத்துக்குப் பிறகு அவர் அவளிடம் பேசினார். “நானா? நீங்க ரொப்பறீங்கன்னு இல்ல நான் நெனச்சேன். ஏம்மா, இப்ப அந்த பாட்டிலையும் நான் திருடிட்டேனா?”

அவள் தலையைக் குனிந்துகொண்டு அங்கிருந்து போனாள். தரை துடைத்துக்கொண்டிருந்த அக்காவிடம் கேட்டாள். காலை ஆறு மணிக்கே வந்து கடையைத் துடைத்துவிட்டு, மற்றவர்கள் வந்ததும் அடுத்த கடைக்குப் போய்விடுகிறவள் அந்த அக்கா. மாப்பை நிறுத்திவிட்டு முகம் மலரச் சொன்னாள்:

“ஆமா, நான்தான் ரொப்பறேன். ஒருநாள் காலியா கெடந்துச்சு. பாவம், நீங்க ஒண்டி ஆளா உக்காந்து வேலை பாக்கறீங்களேன்னு பெரிய கேன்லேருந்து ஊத்தி வெச்சேன். அதுலேருந்து தினமும் ஊத்தறேன். ஏன், பத்தலையா?”

“எந்தக் கேன்?”

“கதவு துடைக்கிற கேன்தான். அதுலயும் ‘கண்ணாடி துடைக்க’ன்னு போட்டிருக்கு. உங்க பாட்டில்லயும் நீங்களே எழுதி ஒட்டியிருக்கீங்களே, கண்ணாடிக்குன்னு. ரெண்டும் ஒண்ணுதானே?”

அவள் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தாள். கறுப்பு மையில், அவளுடைய குண்டு குண்டான எழுத்தில்: ‘கண்ணாடிக்கு மட்டும்.’

அலமாரிக் கதவின் கண்ணாடியும் கண்ணாடிதான். மூக்கின் மேல் போடும் கண்ணாடியும் கண்ணாடிதான். அந்த அக்கா செய்ததில் என்ன தப்பு? கதவுக் கண்ணாடிக்கு ஒன்றும் செய்யாத மருந்து, பூச்சு போட்ட லென்ஸைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கிறது. இரண்டு மாதமாக மனிதர்களை, கார்களை, குளங்களை, ஒருவருடைய பல் செட்டை எல்லாம் சந்தேகப்பட்டவள், எப்போது பார்த்தாலும் நிரம்பியே இருந்த ஒரு பாட்டிலை ஏன் என்று கேட்கவில்லை.

வேலைப் புத்தகத்தைப் புரட்டினாள். அதற்குள் வெடிப்போடு வந்தவர்கள் பதினாலு பேர் ஆகியிருந்தார்கள். பதினாலு பேரும் அவள் பேச்சைக் கேட்டு, தவறாமல் துடைக்கக் கொண்டுவந்தவர்கள். சட்டை நுனியால் துடைத்துக்கொண்டு கடைப்பக்கமே எட்டிப் பார்க்காதவர்களின் கண்ணாடிகள் எல்லாம் நன்றாக இருந்தன.

மேனேஜர் நல்ல மனிதர்தான். ஆனால் தலைமை அலுவலகம் என்ற சொல்லைக் கேட்டாலே வியர்த்துவிடும். கதவைச் சாத்திவிட்டு மெதுவாகப் பேசினார்.

“யாருக்காவது தெரியுமா?”

“நமக்குத் தெரியுமே சார்.”

“அதைச் சொல்லலைம்மா. இனிமே நல்ல மருந்து ஊத்துங்க. பழசு போனது போகட்டும். கேட்டா அந்தப் பெருக்கற அம்மாவை நிறுத்திட்டோம்னு சொல்லிக்கலாம்.”

“லேபிள் நான் எழுதினது. அடிச்சது என் கை. கையெழுத்தும் என்னோடது. அவங்களை நிறுத்தறதா இருந்தா முதல்ல என்னை நிறுத்துங்க.”

“ஏங்க இப்படி? சும்மா இருந்தா ஒண்ணும் ஆகாதே.”

“பதினாலு பேரைப் பொய் சொல்றீங்கன்னு சொல்லியிருக்கேன் சார். அவங்க பொய் சொல்லல.”

மேனேஜர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். அன்று மாலையே அவள் பதினாலு படிவத்தையும் எடுத்து, ஒவ்வொன்றிலும் இரண்டாவது கட்டத்தை அடித்துவிட்டு, கீழே அளவுகோல் வைத்து மூன்றாவதாக ஒரு கட்டம் வரைந்து, பக்கத்தில் ‘கடையின் தவறு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினாள். பதினைந்தாவது படிவத்தையும் அப்படியே திருத்தி, நகலை அதோடு அனுப்பிவிட்டு, அசலைக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

அதைக் கணவரிடம் கொடுத்தபோது அவர் ரொம்ப நேரம் படித்தார்.

“அப்ப நான் வெயில்ல வைக்கல.”

“வைக்கல.”

“இதை நான் வாயால சொன்னப்ப நீ நம்பல. பீரோ சொன்னதும் நம்பிட்டே.”

 அவர் உடனே சிரித்து, தோளைத் தட்டி, விடு என்று சொல்லிவிடவில்லை. மூன்று வாரக் கண்ணெரிச்சல் அப்படிச் சுலபமாகப் போகாது. புதுக் கண்ணாடி வந்த பிறகும் அதைத் தானே கழுவிக்கொள்வதாகச் சொன்னார். சனிக்கிழமைகளில் டப்பாவைத் தரவில்லை. அவளும் கேட்கவில்லை, அவர் குளிக்கப் போகும்போது அவள் கை தானாக அந்தப் பக்கம் போகும், பிறகு திரும்பும்.

தலைமை அலுவலகம் பதினைந்து பேருக்கும் புதுக் கண்ணாடி தரச் சொன்னது. அவளுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதமும் அனுப்பியது. மூன்று மாதத்துக்குப் படிவத்தில் கையெழுத்துப் போடும் அதிகாரம் டை சாருக்குப் போயிற்று. அவர் யார் எதைக் கொண்டுவந்தாலும் முதல் கட்டத்தில் குறி போட்டார். நாய் கடித்ததைக்கூடத் தயாரிப்புக் குறை என்றார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டாள். நீச்சல் டீச்சர் வந்து புதுக் கண்ணாடியை வாங்கி, மேசை விளக்கைத் தானே இழுத்து, இரண்டு லென்ஸையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இப்ப எதுக்குச் சும்மா தர்றீங்க? இதுல என்ன கோளாறு?”

“ஒண்ணும் இல்லீங்க. தப்பு எங்களோடது.”

“அன்னிக்கு என்னோடதுன்னீங்க. நாளைக்கு என்ன சொல்வீங்க? எழுதிக் குடுங்க.”

எழுதிக் கொடுத்தாள். டீச்சர் அதை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் போனாள். நம்பினாள் என்று சொல்ல முடியாது.

எல்லோரும் வந்துவிட்டார்கள், ஒருவரைத் தவிர. கண் ஆபரேஷன் செய்துகொண்ட பெரியவர் போனை எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளிலும் வரவில்லை. விடுமுறை நாளில் முகவரியைத் தேடிப் போனாள். மூன்றாம் மாடி. கதவைத் திறந்தது அவர் மனைவி. கைகளில் சோப்பு நுரை இருந்தது. யார், எந்தக் கடை என்று கேட்டதும் அந்த அம்மாள் முகம் இறுகியது.

“இன்னும் என்ன சொல்ல வந்திருக்கீங்க? நீங்க அன்னிக்கு வீட்ல யாரோ தப்பாக் கையாண்டிருக்காங்கன்னு சொன்னீங்களாம். வீட்ல வேற யாரு இருக்கா? நான்தான். தினமும் நான்தான் அதைக் கழுவித் தருவேன், அவருக்குக் கை நடுங்குதுன்னு. அன்னிலேருந்து என்னைத் தொடவே விடறதில்ல. உன்னாலதான் போச்சுன்னு ஒரே பேச்சு. ஆஸ்பத்திரிக்கும் தனியாவே போய்ட்டு வந்தார். இப்ப அதுக்கும் போறதில்ல.”

இவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று நடந்ததைச் சொன்னாள். பாட்டில், கேன், லேபிள், பீரோ எல்லாம். அந்த அம்மாள் முடிவுவரை கேட்டாள்.

“என்கிட்டச் சொல்லிப் பிரயோஜனமில்ல. உள்ளே வாங்க. அவர்கிட்டச் சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டார்.”

பெரியவர் திரையை இழுத்துவிட்ட அறையில் உட்கார்ந்திருந்தார். மறுபடி முதலிலிருந்து சொன்னாள். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். அன்று அவரே தப்பை ஏற்றுக்கொண்டபோது ஆட்டிய அதே தலை. அவர் எதையும் மறைக்கவில்லை, அவள் சொன்னதை நம்பியிருந்தார், அவ்வளவுதான் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

“நீங்க தப்பே பண்ணலீங்க. வீட்ல யாருமே பண்ணல.”

“அப்படியா?” என்றார். மனைவி இருந்த திசையைப் பார்க்கவில்லை. புதுக் கண்ணாடியை வாங்கித் தடவிப் பார்த்தார். “இதையாவது ஒழுங்கா வெச்சுக்கணும். எப்படிக் கழுவணும்னு ஒரு தடவை காட்டிட்டுப் போங்களேன்.”

சமையலறைக்குப் போனார்கள். அவள் குழாயை மெல்லத் திறந்தாள். “முதல்ல துடைக்கக்கூடாதுங்க. தண்ணியைக் காட்டி மண்ணைப் போகவிடணும். சுடுதண்ணி வேணாம். அப்புறம் பாத்திர சோப்பு, ஒரே ஒரு சொட்டு. விரலாலதான் தேய்க்கணும், இப்படி, ரெண்டு பக்கமும். மூக்குப் பட்டைக்குக் கீழேயும். சட்டத்தோட பள்ளத்துல சோப்பு நிக்கக்கூடாது. நல்லா அலசிட்டு, உதறிட்டு, இந்தத் துணி. துணியையும் அப்பப்பத் துவைக்கணும்.”

பெரியவர் பக்கத்தில் நின்று, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். மனைவி கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றாள். கண்ணாடியைத் துடைத்து அவர் மூக்கில் வைத்து, காதுக்குப் பின்னால் பொருத்தம் பார்த்துவிட்டு, அவள் விடைபெற்றுக்கொண்டு படியிறங்கினாள். முதல் திருப்பத்தில், இன்னும் சாத்தாத கதவின் வழியாக அந்த அம்மாளின் குரல் கேட்டது.

“பாத்தீங்களா? நான் தினமும் கழுவினதும் இப்படித்தானே?”

பெரியவர் என்ன சொன்னார் என்று கேட்க அவள் நின்றாள்.  கொஞ்ச நேரம் கழித்து, கதவு மெல்லச் சாத்திக்கொள்ளும் சத்தம் மட்டும் வந்தது.